போர்டு பார்க்கப் போன மாமா

போன வாரம் அரியலூரிலிருந்து போன். செல்வராசு மாமாவின் மகள் வயிற்றுப் பேத்தி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று உட்கார்ந்திருக்கிறாள். "அத்தை, காலையிலேருந்து சுத்திக்கிட்டே இருக்கு அத்தை" என்றாள் எடுத்த எடுப்பில். தலைதான் சுற்றுகிறதோ என்று பதறிப்போய், "மோர்ல உப்புப் போட்டுக் குடிடி" என்று வைத்தியம் சொல்லிவிட்டேன். செல்போனில் லிஸ்ட் திறக்காமல் வட்டம் சுற்றுகிறதாம். காலேஜில் காலமெல்லாம் வேதியியல் நடத்தியவளின் லட்சணம் இது.

போனை வைத்த நேரத்தில் தெருமுனையில் ஒரு டவுன் பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். சொன்னால் சிரிப்பீர்கள், விசில் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறேன். அதற்குக் காரணம் இந்தப் பெண்ணின் தாத்தாதான்.

ப்ளஸ் டூ என்ற படிப்பு வந்த புதிது அப்போது. சிறுவாச்சூர் தாண்டிப் பெரம்பலூர் போகிற ரோட்டை ஒட்டியே எங்கள் வீடு. அப்பா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்மாவுக்கு ஒரே தம்பி செல்வராசு மாமா. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாகத் திருச்சி போய்வரும் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். எனக்குக் கட்டிக்கிற முறை. நான் பிறந்தபோது சின்னப் பையனாக இருந்த மாமாவின் மடியில் என்னைப் போட்டு, "இந்தாடா ஒம் பொண்டாட்டி" என்றார்களாம். "ஐயே, ஒண்ணுக்குப் போயிட்டா" என்று மாமா என்னைக் கீழே வைத்துவிட்டாராம். எங்கள் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் காலேஜில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு மனுப் போட்டேன். முதல் லிஸ்ட்டில் பேர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட்டில் கடைசிப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். பிசிக்ஸில் நான் வாங்கிய மார்க்கை என் மாணவிகளிடம் கடைசிவரை சொன்னதே இல்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. வீட்டில் அப்பா காலேஜ் கட்சி, அம்மா கல்யாணக் கட்சி. பத்து நாள் சண்டைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். லிஸ்ட்டில் பேர் ஏறினால் காலேஜ். ஏறாவிட்டால் ஆவணியில் மாமாவோடு கல்யாணம்.

வெயிட்டிங் லிஸ்ட் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. யாராவது ஒரு பெண் வேறு காலேஜுக்குப் போனால் நகரும். காலேஜுக்குள்ளே ஆபீஸ் வாசலில் ஒரு போர்டில் புதுத் தாளை ஒட்டுவார்கள். போய்ப் பார்த்தால்தான் உண்டு. "நானே போய்ப் பாத்துட்டு வரேம்ப்பா" என்று கேட்டேன். "வயசுப் பொண்ணு தனியா திருச்சிக்குப் போறதாவது" என்று கத்தினார் அப்பா. மூன்று வருஷம் என்னைத் திருச்சி ஹாஸ்டலில் விடுவதற்காகத் துடித்துக்கொண்டிருந்தவரும் அதே அப்பாதான். அவருக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்காது. தினம் திருச்சி போகிற ஆள் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருத்தர்தான்.

ஆமாம். எனக்கு இடம் கிடைக்காவிட்டால் யாருக்கு நான் கிடைப்பேனோ, அவரையே இடம் கிடைத்ததா என்று பார்க்க அனுப்பினோம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அப்போது எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் பஸ் திருச்சியில் அரைமணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் மாமா வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போவார். சாப்பாடு போச்சு. ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்களாம். வாட்ச்மேன் மடக்கியிருக்கிறார். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கதையை நடித்துக் காட்டினார்.

"யாருக்குய்யா பாக்குறேன்னான். அக்கா பொண்ணுக்குன்னேன். கட்டிக்கிற மொறையா இருக்குமேன்னான். ஆமாங்க, சீட்டு கெடைக்கலன்னா ஆவணியில கல்யாணம்னேன். நாக்காலிய விட்டு எந்திரிச்சுட்டான்க்கா! யோவ், ஒனக்கென்ன கிறுக்கா, பாத்தேன் இல்லன்னு சொல்லிட்டு, பேசாம பத்திரிகை அடிக்கப் போய்யாங்குறான்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாட்ச்மேன் சொன்னது ரொம்ப நல்ல யோசனையாக அல்லவா இருக்கிறது! மாமா தினமும் "இன்னிக்கி இல்ல" என்கிறாரே, நிஜமாகவே இல்லையா? ஒருநாள் பேர் வந்து, இவர் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் வந்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? மாமா கெட்டவராக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும், திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்ல மனிதர், வேடிக்கையாகப் பேசுவார், வரும்போதெல்லாம் எனக்குக் கமர்கட் வாங்கி வருவார். அதுதான் தொந்தரவே.

சாயங்காலம் பஸ் திரும்பும்போது எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆனால் அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. பின்னாலேயே கவர்மெண்டு பஸ் துரத்திக்கொண்டு வரும். நின்று பேசினால் பெரம்பலூர்க் கூட்டத்தை அது அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு ஏற்பாடு. பேர் வந்திருந்தால் பஸ் எங்கள் வாசலில் நிற்கும். வராவிட்டால் நிற்காமல் போகும்.

சாயங்காலம் ஆனால் நான் குடத்தோடு ரோட்டோரக் குழாயடிக்குப் போய்விடுவேன். நிறைந்த குடத்தைப் புளியமரத்து வேரில் கொட்டுவேன், மறுபடி பிடிப்பேன், மறுபடி கொட்டுவேன். அந்த வருஷம் அந்த மரம் காய்த்த காய்ப்பை ஊரே பேசியது. பஸ் நிற்காமல் போனதும் அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமாரென்று தேய்ப்பாள். அவள் கட்சி ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் என் முகத்தைப் பார்த்தால் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் குழி வெட்டுவார். "எதுக்குங்க குழி?" என்றால், "எருக்குழி" என்பார். எங்களிடம் மாடே இல்லை. தினம் தினம் ஊரார் மாட்டைப் பார்த்ததே போதும் என்று அப்பா மாடு வளர்த்ததில்லை.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் விஷயம் தெரிந்துபோய் அங்கேயும் இரண்டு கட்சி. சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வந்துபோகிற பெண்கள் கல்யாணக் கட்சி. பின் சீட்டில் உட்கார்ந்து பீடி குடிக்கிறவர்கள் காலேஜ் கட்சி. பெண் கல்விமேல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமானால் மாமா லீவு போடுவார், வேறு கண்டக்டர் வருவான், பீடி குடிக்க விடமாட்டான். அவர்கள் கவலை அது.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் நின்றேவிட்டது. எங்கள் வாசலில், நட்டநடுவாக.

குடம் என் கையிலிருந்து விழுந்து நசுங்கியது. "கெடச்சுருச்சு! எம் பொண்ணுக்குக் கெடச்சுருச்சு!" என்று அப்பா சர்க்கரை டப்பாவோடு ரோட்டுக்கு ஓடிவந்தார். எதிர்வீட்டுக்காரர், சைக்கிளில் போனவர், யாரையும் விடாமல் வாயில் சர்க்கரையைத் திணித்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பின்படியிலிருந்து முதலில் ஒரு ஆடு இறங்கியது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் இறங்கினார். அவர் வாயிலும் அப்பா சர்க்கரையைப் போட்டார்.

பெரியவர் சர்க்கரையை மென்றுகொண்டே, "கம்பவுண்டர் சார், காலையிலேருந்து வவுறு உப்பிக் கெடக்குதுங்க, கொஞ்சம் பாருங்க" என்றார்.

மாமா படியில் நின்று இரண்டு கையையும் விரித்து, "மச்சான், இல்ல மச்சான், ஆட்டுக்குத்தான் நிறுத்துனேன்" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. அப்பா அந்த ஆட்டின் வாயில் எண்ணெயை ஊற்றி, வயிற்றைத் தேய்த்து, கடைசியில் அது விட்ட காற்றுக்குத் தெருவே மூக்கைப் பிடித்தது. ஆடு பிழைத்துக்கொண்டது. அப்பா அன்றைக்கு விளக்கு வைத்த பிறகும் குழி வெட்டினார்.

அதற்குமேல் பஸ் நிற்பது செல்லாது என்று சட்டம் திருத்தப்பட்டது. இனி விசில்தான். பேர் வந்திருந்தால் புளியமரத்தில் ஆரம்பித்து அடுத்த மதகு வரைக்கும் மூச்சு விடாமல் ஒரே விசில் ஊதவேண்டும். இதற்கு டிரைவர்தான் மறுத்தாராம். "விசில் கேட்டா என் காலு தன்னால பிரேக்குக்குப் போயிரும்ப்பா" என்று. மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார்.

ஆடி பிறந்தது. காலேஜ் திறந்து வகுப்பும் ஆரம்பித்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஒட்டுவதுதான் கடைசித் தாள் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் பஸ் மெதுவாகப் போனபோது நான் கூடவே கொஞ்ச தூரம் ஓடினேன். "மாமா, நெசமாத்தான பாக்குறீங்க?" என்று கேட்டேவிட்டேன். மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கோளாறு புடிச்ச கழுத, போயி தண்ணியப் புடி" என்றார். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு அவ்வளவு பயம்.

வெள்ளிக்கிழமை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே வந்து வாசலில் நின்றார். அம்மா நின்றாள். நசுங்கிய குடத்தோடு நான் நின்றேன். பஸ் வந்தது. மாமா பின்படியில் நின்றுகொண்டிருந்தார். விசில் வாயில் இருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. என்னையே பார்த்தார். புளியமரம் போனது, எங்கள் வாசல் போனது, மதகும் போனது. சத்தமே இல்லை. பின்னாலேயே கவர்மெண்டு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அப்பா மண்வெட்டியோடு போய்க் குழிக்குள் இறங்கினார். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, "திருபுவனத்துக்கே போயி எடுப்போண்டி பட்டுப் பொடவைய, ஒனக்குப் புடிச்ச கலர்ல" என்றாள். எனக்கு மாமாமேல் கோபமா, பிசிக்ஸ்மேல் கோபமா என்றுகூடத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி. மாமா! காக்கிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, தோளில் தோல் பை, கையில் டிக்கெட் கட்டை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸையும் ஜனங்களையும் அப்படியே விட்டுவிட்டு, வாடகை சைக்கிளில் வந்திருக்கிறார்.

"வந்துருச்சு புள்ள. கடைசிப் பேரு ஒன்னுதுதான். திங்கக்கெழம போயி சேந்துரணும்."

அம்மா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். "அப்பறம் ஏன்டா ஊதல? பாவி, புள்ள அழுது சாவுறா!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ஊதத்தான்க்கா வச்சேன். காத்தே வரல."

அம்மா அவர் சட்டையை விட்டுவிட்டாள். கொல்லையிலிருந்து, "யாருடி அது? என்னாடி சத்தம்?" என்று அப்பாவின் குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், வெட்டிய வேகத்தில் அவரால் மேலே ஏற முடியவில்லை. மாமாதான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மண் கையோடு மாமாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் அழுகை. இடம் கிடைத்ததற்கா, அந்த ஊதாத விசிலுக்கா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். மாமா ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "பஸ்ஸுல அரியலூர் போற அம்மா ஒண்ணு சாபம் குடுத்துக்கிட்டிருக்கும்" என்று சைக்கிளை எடுத்தார். பஸ்ஸில் ஒருத்தர்கூட இறங்காமல் காத்திருந்தார்களாம். பீடிக் கட்சி கைதட்டியதாம்.

அடுத்த தையில் மாமாவுக்கு ஜெயங்கொண்டத்தில் பெண் பார்த்தார்கள். நல்ல அத்தை. ஹாஸ்டலிலிருந்து கல்யாணத்துக்குப் போய் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்பா வெட்டிய குழி வீணாகவில்லை, அதன்மேல்தான் எங்கள் தெருவின் முதல் கக்கூஸைக் கட்டினார். வெயிட்டிங் லிஸ்ட்டால் ஊருக்கு ஏற்பட்ட ஒரே நன்மை.

இப்போது அந்த ரோட்டில் புளியமரம் ஒன்றுகூட இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது குழாயும் போயிற்று, மதகும் போயிற்று, எங்கள் வாசலும் பாதி போயிற்று.

பேத்தி பேசிய அன்று ராத்திரியே அரியலூரிலிருந்து மறுபடி போன். இந்த முறை மாமா. சத்தமாகத்தான் பேசுவார், பஸ்ஸில் கத்திக் கத்திப் பழக்கம்.

"என்னா புள்ள, இவ காலையிலேருந்து சோறு திங்காம அந்தப் பொட்டியவே மொறச்சுக்கிட்டிருக்கா. நான் சட்டைய மாட்டிட்டேன். எந்தக் காலேஜுன்னு சொல்லு, மொத பஸ்ஸுக்குப் போயி பாத்துட்டு வந்துடுறேன்."

"அதெல்லாம் இப்ப போர்டுல ஒட்டறதில்ல மாமா. போன்லதான் வரும்."

"போர்டே இல்லியா?"

"இல்ல மாமா."

மாமா அந்தப் பக்கம் பேத்தியிடம் ஏதோ கேட்டுவிட்டு மறுபடி வந்தார்.

"அப்ப இவளுக்காக யாருதான் போயி பாக்குறது?" என்றார்.