மெஷினுக்கு வாய் கிடையாது

அலுவலகத்தில் அம்மாவுக்கு ‘மெஷின்’ என்று பெயர். உயர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். “மெஷினுக்குக் காது உண்டு, வாய் கிடையாது” என்று பதிவாளர் கிண்டலடிப்பார். அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்று நீதிபதிகள் அமர்ந்தால், அவரவர் அறையில் அவரவர் சுருக்கெழுத்தரிடம் தீர்ப்பைச் சொல்லுவார்கள். ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது. அம்மா மூத்த நீதிபதியின் ஆள். மூத்தவர் எழுதியதில் மற்ற இருவரும் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். அம்மா பார்த்தவரை அது மாறியதில்லை.

அந்த வழக்கில் ஓர் இளைஞனுக்குத் தூக்கு. மேல்முறையீடு. விசாரணை நாளெல்லாம் அவன் தாய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். டீ வாங்கினால் அம்மாவுக்கும் சேர்த்து வாங்குவார்.

மூத்தவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். ஒரே மாதிரிக் குற்றத்துக்கு ஓர் அமர்வு கயிறு தருகிறது, இன்னோர் அமர்வு ஆயுள் தருகிறது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியல் சாசனம் சொல்லும்போது, வழக்கு எந்த அறைக்குப் போனது என்பதை வைத்து ஒருவன் உயிர் போகக் கூடாது. பிழை என்று பின்னால் தெரிந்தால் திருத்த வழியில்லாத தண்டனைக்குச் சாசனத்தில் இடமில்லை.

நான் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் பொறியாளர். திருத்த முடியாத பிழைக்கு இடம் கொடுக்கும் எதற்கும் நான் சான்று தந்ததில்லை.

எழுதி முடித்து வெளியே வந்த அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பெஞ்சைத் தாண்டிப் போக முடியவில்லை.

“பையன் உயிருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.”

வேலையில் சேர்ந்து அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

தீர்ப்பு நாளில் மூத்தவர் முதலில் படித்தார். அந்தத் தாய் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மற்ற இருவரும் படித்தார்கள். சாசனமே தூக்கை ஏற்றிருக்கிறது, மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்றார்கள். இரண்டுக்கு ஒன்று. கூட்டம் கலைந்தது. அந்தத் தாய்க்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தபடியே நின்றார். வக்கீல் நழுவிவிட்டார். அம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது.

“நீதானேம்மா சொன்னே?”

சத்தம் போடவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

அவனைத் தூக்கிலிட்டார்கள். தாயும் அதிக காலம் இருக்கவில்லை.

போன மாதம் பெரிய அமர்வு ஒன்று தூக்கை ஒழித்தது. மூத்தவரின் அந்தப் பழைய மாறுபட்ட தீர்ப்பே சரி என்றது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அன்றுதான் இதையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்துக் கேட்டார்:

“அந்த அக்காகிட்ட இதை யாருடா போய்ச் சொல்றது?”

அந்த வாரமே அம்மா போய்விட்டார்.

துக்கத்துக்குப் பழைய பதிவாளர் வந்திருந்தார். நடக்க முடியாமல் மகளின் தோளைப் பிடித்திருந்தார். அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை வெளிய போனதில்லப்பா.”

தலையாட்டினேன்.