தபால்காரரின் எண்கள்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி கூடைப்பந்து அணியில் பதினெட்டு வருடம் ஆடியவன். பந்து கைக்கு வந்த மறுநொடி அதை வேறொருவனிடம் சேர்த்துவிடுவான். தானே கூடையில் எறிவது அபூர்வம். அதனால் அவனுக்குத் 'தபால்காரர்' என்று பெயர் வைத்தார்கள்.

"அடுத்தவன் கடுதாசிய நாமளே வெச்சுக்க முடியுமா?" என்று சிரிப்பான்.

முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்ட பிறகு, ஒரு வீடியோ கேமில் தன் அணியை ஆள் ஆளாக உருவாக்கினான். ஒவ்வொருவரும் எவ்வளவு பாஸ் கொடுப்பார்கள், எவ்வளவு எறிவார்கள், எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் கொடுக்கலாம். தன் உருவத்தின் எண்களை மட்டும் ஒரு வருடம் திருத்தினானாம்.

ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த தங்கை எனக்கு அவன் இறந்த செய்தி கிடைத்தபோது எல்லாம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வீடு வந்து சேர இன்னும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். "உன் கால்ல சக்கரம், என் கையில கிரீஸ்" என்று அண்ணன் முன்பெல்லாம் சொல்வான். அண்ணி ஏன் தாமதம் என்று கேட்கவில்லை.

மாலையில் துணி மடிக்கும்போது அண்ணி கேமைப் போட்டு, இரண்டு அணிக்கும் கம்ப்யூட்டரையே ஆட விடுவாள். தபால்காரரை மட்டும் பார்ப்பாள்.

"பாரு, முட்டி வலிக்கற மாதிரியே திரும்புறாரு."

ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்தாள். நானே கேமைப் போட்டேன். ஒரே ஒரு புள்ளியில் அண்ணன் அணிக்குத் தோல்வி. கூடைக்கு நேராக நின்றும் அண்ணன் பாஸ் கொடுத்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவையாவது உனக்காக எறிடா, அண்ணா. எறியும் எண்ணை ஏற்றினேன், பாஸைக் குறைத்தேன், கை போன போக்கில் இன்னும் இருபது எண்களை மாற்றிச் சேமித்தேன். அடுத்த ஆட்டத்தில் அவன் முப்பத்தொரு புள்ளி எடுத்தான். தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அண்ணி பையைக் கீழே வைக்காமலே திரையைப் பார்த்தாள்.

"யாருடி இது?"

"அண்ணன்தான் அண்ணி. ஜெயிச்சுட்டான்."

"இது அவரு இல்ல. என்ன பண்ணின?"

சொன்னேன்.

"பழைய நம்பர எழுதி வெச்சியா?"

எழுதவில்லை.

மூன்று வாரம் முயன்றேன். அவன் எந்தப் பக்கம் திரும்புவான், எத்தனை பந்துக்கு ஒன்று எறிவான்? ஒன்பது வருடம் ஊர் சுற்றியவளுக்கு என்ன தெரியும்? அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள்: "இன்னும் மெதுவா... இல்ல, இவ்வளவு மெதுவா இல்ல. பந்து வர்றதுக்கு முன்னாடியே யாருக்குக் குடுக்கலாம்னு பாப்பாரு. அதுக்கு நம்பர் இருக்கா?"

தேடினேன். இல்லை.

நேற்று அண்ணி துணிகளை உள்ளறைக்கு எடுத்துப்போய் மடித்தாள். கூடத்தில் கேம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் சட்டையில் யாரோ ஒருவன் ஓடி ஓடிப் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். நல்ல ஆட்டக்காரன்தான்.