கடலூரில் அணைத்தால் சிதம்பரத்தில் நிற்கும்

"அது சும்மா ஓடிக்கிட்டே கெடந்துச்சிப்பா. புடுங்கி வுட்டுட்டு வந்துட்டேன்."

கடலூரில் ஷேர் ஆட்டோவில் எனக்குப் பின்னால் இருந்தவர் போனில் சொன்னார். மோட்டாரோ, ஃபிரிட்ஜோ, தெரியாது. எனக்குச் சர்வர்தான் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் மெஷின் தானாகக் கெடுவது அபூர்வம். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

வீட்டில் இருப்பதே போதும்

நான் பார்த்துக்கொள்ளும் ஸ்கேன் சென்டருக்குக் கடலூரில் தலைமை அலுவலகம், சிதம்பரத்தில் கிளை. இரண்டு ஊர் ரிப்போர்ட்டும் கடலூரில் உள்ள ஒரே பொதுக் கம்ப்யூட்டரில், அந்தச் சர்வரில், இருக்கும். சிதம்பரம் கவுண்டரில் இருக்கும் கலைச்செல்வி அங்கிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சர்வருக்கும் தன் வீட்டு விண்டோஸே போதும் என்றார் மேனேஜர். வீட்டு விண்டோஸ் எதிரில் உட்கார்ந்திருப்பவரை மட்டும் கவனிக்கும், சர்வருக்கு உரியது கண்ணுக்குத் தெரியாத ஊரில் இருக்கிறவர்களுக்காக ஓடும் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு காலை வேளையில் அது தன்பாட்டுக்கு அப்டேட் போட்டு, அணைந்து, மறுபடி எழுந்தது. அதுவரை சிதம்பரத்தில் ஒரு ரிப்போர்ட்டும் வரவில்லை. மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"எங்க வூட்லயும் அதான் ஓடுது, ஒரு நாளும் நின்னதில்ல. அந்தச் சிதம்பரத்துப் பொண்ணு எதையாவது அமுக்கியிருக்கும்."

ஒரே குடும்பம்

ஒருவழியாகச் சர்வருக்கு உரிய விண்டோஸை வாங்கினார்கள். அதில் யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று ஆளுக்கு ஆள் பிரித்து வைக்கலாம். அப்படித்தான் வைத்தேன். "நாம என்ன பேங்கா நடத்துறோம்? மச்சானுக்கு எல்லாத்தையும் தொறந்து வுடும்மா" என்றார் மேனேஜர். மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி பாபு. கடலூரில் பில்லிங்கில் இருக்கிறார். திறந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது பாபு சர்வரில் கேம் ஏற்றி விளையாடிக்கொண்டிருந்தார். இது என்ன என்று கேட்டேன்.

"ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல மேடம், சும்மாதான இருந்துச்சி!"

சாப்பாட்டு நேரம்

பிறகு பாபு சாப்பிடப் போகும்போதெல்லாம் சர்வரை அணைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். கடலூரில் அப்போது கவுண்டரையே மூடிவிடுவதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சிதம்பரத்தில் கலையின் திரை உறைந்துவிடும். ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள் அவளைத் திட்டுவார்கள். "நான் எதையும் தொடலக்கா" என்று போனில் அழுதாள். "இன்னொரு தடவ நின்னா வேலைக்கே வராதன்னு மேனேஜரு சொல்லிட்டாருக்கா."

சர்வர் இங்கே அணைக்கப்படுகிறது என்று மேனேஜரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"இங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது. அந்தப் பொண்ணுக்கு நீ வக்காலத்து வாங்காத."

கையைப் பார்க்க வந்தவர்

கலை எதை அமுக்குகிறாள் என்று பிடிக்க மேனேஜரே ஒரு நாள் என்னையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் வந்தார். அன்றோடு அவளை நிறுத்திவிடுவதாக வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் திரை நின்றது. கலையின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"டாக்டரு கெளம்பிடுவாருங்க. பிச்சாவரத்துலேர்ந்து வந்துருக்கேன், ரிப்போர்ட்டு எங்க?" என்று ஒரு பெரியவர் கவுண்டரைத் தட்டினார். அவருக்குப் பின்னால் வரிசையே சத்தம் போட்டது. மேனேஜர் பாபுவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"சாப்புட வந்துட்டேன் மாமா. ஆளில்லாம ஓடுதேன்னு ஆஃப் பண்ணிட்டேன்."

கலை எழுந்தாள். "நீங்களே எடுத்துக் குடுங்க சார்" என்று நாற்காலியை மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.