வாய்க்கால் பாலத்தில் தூக்கிய பிளேடு

மலாயாவில் எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குச் சரளைக்கல்லை லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அறந்தாங்கிப் பக்கம் கலப்பையை மழுங்கடிக்கிறது என்று நாம் திட்டித் தீர்க்கும் அதே சரளை! துரையின் ஒரே ஒரு கார் போவதற்காக அதைத் தினமும் சின்ன டிராக்டரால் நிரவுவது என் வேலை. பங்களா கேட்டைத் தாண்டினால் நாங்கள் குடியிருக்கும் லயம். அங்கே முழங்கால் சேறு. கேட்டிலேயே டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய பிளேடைத் தூக்கிவிட வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

முதலில் டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டுவது என்று பேச்சு வந்தபோது துரைக்கு ரேக்தான் பிடித்திருந்தது. சீப்புப் போல மேலாக வாரும், பார்க்க அழகு. அடுத்த மழைக்கே பள்ளம் பல்லிளிக்கும். பிளேடு என்கிற சாய்ந்த இரும்புப் பலகைதான் பள்ளத்தின் அடிவரை சுரண்டி, நடுவை மேடாக்கி, தண்ணீரை இருபுறமும் இறக்கிவிடும். "பிளேடு வாங்குங்க துரை" என்றேன். பெரிய சாமானை ஓட்ட எனக்கு ஆசை என்று நினைத்துச் சிரித்தார். ஆனாலும் வாங்கினார்.

அதைப் பார்த்துத்தான் கறுப்பையா கேட்டான், "நம்ம ஊருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தா என்னண்ணே?" ஊரில் என்னைக் கண்டால் 'ஐயா' என்று ஒதுங்கி நிற்க வேண்டிய கீழத்தெருக்காரன், லயத்தில் அடுத்த வீடு, 'அண்ணே'. முன்பு ஓர் ஐப்பசியில், ஊரில் அவன் தெருச் சேற்றில் வண்டி வர முடியாமல், பிரசவ வலியோடு அவன் மனைவியைக் கட்டிலில் தூக்கிப் போனார்கள். பிள்ளை தங்கவில்லை. இப்போது ஊரில் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள்; இந்த ஐப்பசியில் பேறுகாலம்.

தோட்டத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டோம். ஆவணியில் லீவுக்குப் போன நான் திருச்சியில் பிளேடை வாங்கி ஊரில் இறக்கினேன். ஊரை நடத்தும் அம்பலத்திடம் மட்டும்தான் டிராக்டர் உண்டு. பிளேடை அதில் மாட்டி அவரே ஓட்டினார். மேலத்தெரு, கோயில் தெரு எல்லாம் நிரவி வந்த டிராக்டர் வாய்க்கால் பாலத்தில் நின்றது. பிளேடு மேலே ஏறியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு.

"ஏங்க தூக்கிட்டீங்க? அங்கிட்டும் போகணுங்க" என்றேன்.

"அங்கிட்டு என்ன காரா வரப்போகுது?" என்றார் அம்பலம்.

"கறுப்பையா காசும் இதுல இருக்குங்க."

"இருக்கட்டும்ப்பா. பிளேடு ஒங்களுது. டிராக்டர் என்னுது."

எனக்கு ரத்தம் கொதித்தது. சீ, இவர்களெல்லாம் மனிதர்களா! டிராக்டரில் ஏறப் போன என்னை என் அண்ணன் பிடித்து இழுத்தான். "நீ பாட்டுக்குக் கப்பலேறிப் போயிருவ. நாங்கள்ல இங்க கெடக்கணும்?" இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, கடல் கடந்து வரும் எங்கள் காசு உங்களுக்கு இனிக்கிறது, எங்கள் பேச்சு மட்டும் கசக்கிறதா?

நான் மலாயாவுக்குத் திரும்பி வந்ததும் கறுப்பையா ஓடிவந்தான். "நம்ம தெரு வரைக்கும் ரோடு வந்துருச்சாண்ணே?"

"பாலத்தோட தூக்கிட்டாங்கப்பா" என்றேன். அவன் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை, பங்களா கேட்டில் என் கை வழக்கம்போல பிளேடைத் தூக்கும் லீவருக்குப் போனது. அட போங்கய்யா, எத்தனை இடத்தில்தான் தூக்குவது! தூக்கவில்லை. துரை கத்தக் கத்தச் சேற்றை வழித்துக்கொண்டு லயத்துக்குள் ஓட்டினேன். கறுப்பையா வெளியே வந்து பார்த்தான். லயத்தில் அவன் வாசலுக்கு ரோடு வந்துவிட்டது. அவன் மனைவி கடலுக்கு அங்கிட்டு, பாலத்துக்கும் அங்கிட்டு, ஐப்பசிக்குக் காத்திருக்கிறாள்.