கல்லை நாடு கடத்தினார்கள்

எங்கள் ஏதென்ஸில் கல்லின் மேலும் கொலை வழக்கு நடக்கும். கல்லோ மரமோ விழுந்து ஆள் செத்தால், அதையே நிறுத்தி விசாரித்து, எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். கொலைத் தீட்டு ஊரில் தங்கக்கூடாது. நல்ல சட்டம்தான். அதை மிகாவிடம் காட்டிய விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மிகா எங்கள் தெருவில் பார்லி ரொட்டி விற்றவள். ரொட்டி கருகிவிட்டது என்று யாராவது குறை சொன்னால், "உன் மூஞ்சிக்கு இது வெளுப்புதான், எடுத்துட்டுப் போ" என்பாள். புருஷன் கடற்போரில் போய்விட்டான். மிஞ்சியது மகன் டெக்சியாஸ் ஒருவன்தான்.

கோயில் கட்டும் இடத்தில் கப்பியில் ஏறிக்கொண்டிருந்த பளிங்குக்கல், கயிறு அறுந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த அவன்மேல் விழுந்து அவனைக் கொன்றது. கயிறு இற்றுப்போயிருந்தது. மாற்றச் சொல்லி வேலையாட்கள் கெஞ்சியிருக்கிறார்கள். குத்தகைக்காரன் எபிக்கிளிஸ், "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்யா" என்றானாம்.

எபிக்கிளிஸ்மேல் கொலைக்குற்றம் சாட்ட, செத்தவனின் உறவில் ஓர் ஆண் வேண்டும். பெற்றவள் சொன்னால் செல்லாது. இருந்தது மிகாவின் கொழுந்தன் பௌசியாஸ் மட்டும். அவனும் எபிக்கிளிஸிடம்தான் கல் செதுக்கிக்கொண்டிருந்தான். மிகா அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"விழுந்தது கல்லுதானே அண்ணி? கல்லு பேரையே சொல்லிடறேன். தீட்டும் போயிரும், வம்பும் இல்ல."

"உன் பொழப்பும் போகாது. அதையும் சேத்துச் சொல்லு."

விசாரணை திறந்தவெளியில் நடந்தது. வண்டியில் கல்லை நிறுத்தி, அதிகாரி அதன்மேல் உள்ள குற்றத்தை உரக்கச் சொன்னார். எபிக்கிளிஸ் துக்க முகத்தோடு நின்றான். அந்த முகத்தை அறையவேண்டும் போலிருந்தது எனக்கு. மிகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இந்தக் கல்லு தானாவா மேல ஏறிச்சு?"

எவனோ சிரித்தான்.

"இந்தம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார் அதிகாரி.

"போறேன். ஏத்தச் சொன்னது யாருன்னு மட்டும் கேளுங்க."

பௌசியாஸ் அவளைப் பிடித்து இழுத்தான். நீதி என்றால் என்ன என்று சந்தை நிழலில் பொழுதெல்லாம் வாதாடுகிற ஆண்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. கல்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது.

பக்கத்து நாடான மெகாராவின் எல்லை வரை மாட்டுவண்டிக்குப் பின்னால் நானும் மிகாவும் நடந்தோம். கல்லை அந்தப் பக்கம் உருட்டிவிட்டார்கள்.

"நியாயம் கெடைச்சிருச்சு அண்ணி. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றான் பௌசியாஸ்.

மிகா எல்லையைத் தாண்டிப் போய்க் கல்லின் பக்கத்தில் நின்றாள்.

"கொன்னவன் இருக்கற ஊர்ல எனக்கென்ன வேலை? நீ போ. போயி அவனுக்குக் கல்லு செதுக்கு."

நான் எவ்வளவோ கூப்பிட்டேன். அழுதேன். அவள் வரவில்லை. இப்போது மெகாராவில் ரொட்டி விற்கிறாளாம்.

கொலைகாரன் கோயிலில் கால் வைக்கக்கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். இந்த வருடத் திருவிழாவில் எபிக்கிளிஸ் தலையில் மாலை சூடி, கோயிலில் ஆடு பலி கொடுத்தான். அந்தக் கறியை ஊரே வரிசையில் நின்று வாங்கித் தின்றது.