திரும்பி வராத சட்டிகள்

எங்கள் வீட்டுக் குப்பையை முதலில் பார்ப்பவை கழுதைகள். மன்னார்த் தீவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. காலையில் வாளியை வாசலில் வைத்தால், குப்பை ட்ராக்டர் வருவதற்குள் நாலைந்து கழுதைகள் வந்து அதை உருட்டிவிடும். மரக்கறித் தோலைத் தின்று, சொப்பிங் பேக்குகளைச் சப்பிப் பார்த்து, மிச்சத்தைச் சோழகக் காற்றுக்கு விட்டுவிட்டுப் போகும். காற்று அந்தப் பைகளைக் கொண்டுபோய் ஒழுங்கை நெடுகிலும் உள்ள எல்லாருடைய முள்ளுக்கம்பி வேலியிலும் மாட்டிவிடும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைகள் பெருகி, எதை வாங்கினாலும் ஒரு பையும் கூட வந்தது. ஒருமுறை கோயில் திருநாள் முடிந்த மறுநாள் வேலைக்காகக் கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோயில் வளவு முழுக்கச் சோறு சுற்றிய லஞ்ச் சீட், மெல்லிய பொலித்தீன் தாள். ஒரு கழுதை வாயில் நீலப் பையொன்று பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நான் பிடித்து இழுத்தேன். ஒரு முழத்துக்கு மேல் வந்தது. முதல்நாள் நான் மீன் வாங்கி வந்ததும் அதே மாதிரி ஒரு நீலப் பையில்தான். ஊரில் எத்தனையோ நீலப் பைகள் இருந்தாலும் அது என்னுடையதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்று கந்தோரில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என் ஆட்சி தொடங்கியது. உக்கி மண்ணாகும் குப்பைக்கு ஒரு வாளி, உக்காததற்கு ஒரு வாளி. மீன் செதிலும் குடலும் முருங்கையடியில் கிடங்கு வெட்டித் தாட்டேன். அடம்பன் ஊரிலிருந்து தயிர் வரும் மண்சட்டிகளை எறியாமல் அடியில் துளை போட்டுக் கொச்சி மிளகாய்க் கன்று வைத்தேன். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் கடைக்குக் கொண்டுபோகப் பைகள் தைத்தேன். சட்டி தேய்க்கத் தேங்காய்ப் பொச்சு. இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. கொஞ்சம் குனிந்து நிமிரச் சோம்பல்படாமல் இருந்தால் போதும். மகள் கலியாணம் கட்டிப் போன பிறகு வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் போட் எஞ்சின் திருத்துகிறவர், எதையும் பெரிதாக எடுக்கமாட்டார். இரண்டு வாளிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னை எந்த வாளியில போடப்போறாய்?"

"உக்காததிலதான். முப்பது வருசமா ஒரு மாற்றமும் இல்லையே."

மீன் வாங்க உமலோடு போனேன். உமல் என்றால் பனையோலையில் இழைத்த பை, மீன் வாங்கவென்றே இருக்கிற பை. அதை விரித்துப் பிடித்தால், மீன்காரர் மீனை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, அந்தப் பையை உமலுக்குள் வைத்தார்.

"அண்ணை, பை வேண்டாமெண்டுதானே உமல் கொண்டு வந்தனான்?"

"தங்கச்சி, மீன்தண்ணி வடியுமெல்லே. உமல் பழுதாப் போகும்."

உமல் பழுதாகாமல் இருக்கப் பையாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரோடு இதே சண்டை. சில நாள் வென்றேன், பல நாள் தோற்றேன். இரண்டு கிழமை மீனே வாங்கவில்லை. அதனால் நட்டப்பட்டது எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

ஆனால் இத்தனைக்குப் பிறகும் வாளியில் பை குறையாத ஒரு மாதம் இருந்தது. அது நோன்பு மாதம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், ஒரு முஸ்லிம் குடும்பம். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து தகரக் கூரை போட்டு இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் வேறொருவருடைய போட்டில் கடலுக்குப் போகிறவர். அவருடைய மனைவி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் ராத்தா என்பேன். அவர் என்னைப் புள்ள என்பார். வந்த வருடமே நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, நான் பலகாரம் கொடுத்தேன். நோன்பு தொடங்கியதும் தினமும் பின்னேரம், பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், ராத்தா ஒழுங்கையைக் கடந்து வந்து கஞ்சி தருவார். இஞ்சியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணக்கும். நோன்பு பிடிக்காத நாங்கள் இருவரும் அந்தக் கஞ்சிக்காக மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வோம்.

அந்தக் கஞ்சி வந்தது சொப்பிங் பேக்கில். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்ட பை. அந்தச் சூட்டுக்குப் பை இளகி நெளியும். முப்பது நாளும் முப்பது பை. நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை நான் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"ராத்தா, இனிமேல் பையில ஒண்டும் தரவேண்டாம். சட்டியில தாங்கோ. நானும் சட்டியிலதான் தருவன்."

"சட்டியிலயோ?" என்று கேட்டார். பிறகு "சரி புள்ள" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கிறிஸ்தவர் வீடு, முஸ்லிம் வீடு என்று இதில் வித்தியாசம் கிடையாது. ஒரு பிடி சீனி, இரண்டு தேசிக்காய், ஏதாவது ஒன்று உள்ளே இருக்கவேண்டும். நானும் அப்படித்தான். கழுவித் துடைத்ததும் கை தானாகப் போய் அலுமாரியில் இருக்கிற எதையாவது எடுத்துப் போடும். அதை நான் ஒருநாளும் யோசித்துச் செய்ததில்லை. யோசிக்காததுதான் பிழை.

முதலில் மூடியுள்ள ஒரு சட்டியில் மீன்குழம்பு கொடுத்தேன். சட்டி வரவில்லை. பனங்காய்ப் பணியாரம் சுட்டபோது பூப்போட்ட கிண்ணத்தில் கொடுத்தேன். அதுவும் வரவில்லை. கத்தரிக்காய்ப் பொரியலோடு போன அலுமினியச் சட்டி, கூழோடு போன தூக்குச்சட்டி, எல்லாம் ஒருவழிப் பயணம். கடைசியாகப் போனது என் கலியாணத்துக்கு வந்த குட்டிச் சட்டி. அதோடு ஐந்து. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு எதுவும் வருவது நின்றுவிட்டது, பையிலும் இல்லை, சட்டியிலும் இல்லை. ராத்தா எங்கள் வாசலைத் தவிர்த்துப் பின்பக்கத்தால் கடைக்குப் போகத் தொடங்கினார்.

எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. அடுப்படித் தட்டில் ஐந்து இடம் வெறுமையாக இருப்பது ஒவ்வொரு நாளும் கண்ணில் குத்தியது. நல்லதைச் சொன்னதற்கு இதுவா பலன் என்று நினைத்தேன். கழுதைக்குக்கூட இரக்கம் பார்க்கிற நான் ராத்தாவைப் பற்றி என்னென்னவோ நினைத்தேன். அவற்றை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"கேட்டு வாங்கன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டு வாங்கிறதுக்கு அது என்ன இரவலோ?"

அடுத்த சோழகம், தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்காலம், தொடங்கியது. ஒருநாள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தபோது ஒழுங்கைச் சனம் எல்லாம் வாளிகளோடு நின்றது. ராத்தாவும் நின்றார். எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி. காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. வேலியெல்லாம் பைகள் படபடத்தன. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ராத்தா, என்ட சட்டியெல்லாம் உங்களிட்டையே தங்கிட்டுதோ? திருப்பித் தாற எண்ணமிருக்கோ?"

வரிசையில் நின்ற சனம் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தது. 

"இருக்கு புள்ள. தாறன்" என்றார். வாளி பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு உரப்பையைச் சுமந்துகொண்டு வந்தார். அடுப்படிப் படியில் நான்கு சட்டிகளை வரிசையாக வைத்தார். புதுசு போல மினுங்கின. மண் போட்டுத் தேய்த்திருக்கவேண்டும். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"ஒண்டு குறையுது புள்ள. அதுக்குள்ள போட இப்ப ஒண்டுமில்லை. காத்து விட்டாப்பிறகு தாறன்."

அவர் போன பிறகு மூடிகளைத் திறந்தேன். ஒன்றில் இரண்டு சுண்டு அரிசி. ஒன்றில் ஆறு வெங்காயம். ஒன்றில் கருவாட்டுத் துண்டுகள். தூக்குச்சட்டியில் கடதாசியில் சுற்றிய சீனி. என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இருபது நாளாக் காத்து. ஒரு போட்டும் இறங்கேல்லை. இந்த அரிசியைச் சமைக்கப்போறியோ?"

சமைக்காமல் என்ன செய்வது? சட்டிக்குள் வைத்துத் தந்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது பவுசரடியில் கேட்டதைவிடப் பெரிய அவமானம். சமைத்தேன். ஒரு பருக்கையும் வீணாகாமல் இருவரும் சாப்பிட்டோம். 

பை திரும்பக் கேட்காது. கஞ்சியைப் பையில் தந்தால் தந்ததோடு விஷயம் முடிந்தது. வாங்குகிறவருக்கும் பாரமில்லை, தருகிறவருக்கும் தன் சட்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எனக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்றுதான் ராத்தா பையில் தந்திருக்கிறார். நானோ ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சட்டிகளை அவருடைய வீட்டில் ஏற்றிவிட்டு, அவை ஏன் வரவில்லை என்று ஊர் கேட்க விசாரணை வைத்தேன். ஒவ்வொரு சட்டியாக அவர் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்து, உள்ளே போட ஏதாவது கிடைக்குமா என்று பார்த்திருப்பார். அதற்குள் நான் அடுத்ததை அனுப்பியிருப்பேன். உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரிக்கத் தெரிந்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போயிற்று. என்மேல் எனக்கு வந்த கோபம் மீன்காரர்மேல் வந்த கோபத்தைவிடப் பெரியது.

நோன்பு பிறந்தது. கஞ்சி வரவில்லை. பின்னேரமானால் எதிர்வீட்டிலிருந்து இஞ்சி மணம் மட்டும் காற்றோடு வந்தது. எங்கள் உக்காத வாளி ஒரு கிழமையாகியும் கால்வாசிகூட நிறையவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. அந்த வாளியைக் காலால் எத்தவேண்டும் போல இருந்தது.

பள்ளிவாசலில் ஊற்றும் கஞ்சிக்கு ஆட்கள் ஒழுங்கையால் போவார்கள். ஆளாளுக்கு ஒரு சட்டி, அவரவர் வீட்டிலிருந்து. நிறைத்துக்கொண்டு அதே சட்டியோடு திரும்பி வருவார்கள். பையும் இல்லை, திருப்பிக் கொடுக்கிற வேலையும் இல்லை. ஒவ்வொரு நோன்புக்கும் நான் பார்த்த காட்சி. நோன்பு பத்தாம் நாள் மூடியுள்ள சட்டியை எடுத்துக்கொண்டு நான் ஒழுங்கையைக் கடந்தேன். பவுசரடியில் அவ்வளவு வாய் காட்டிய நான் அந்த வாசல் படலையடியில் தணிந்த குரலில் கூப்பிட்டேன்.

"ராத்தா, கஞ்சி கிடக்கோ? வாங்கிக்கொண்டு போக வந்தனான்."

அவர் வெளியே வந்து என் கையைப் பார்த்தார்.

"இது என்ட சட்டி" என்றேன். "என்னோடயே திரும்பி வந்திடும். அண்டைக்குப் பவுசரடியில கதைச்சது பிழை ராத்தா."

"பிழைதான்" என்றார். சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே வந்து படலையைச் சாத்திவிட்டு முற்றத்தில் நெடுநேரம் நின்றேன். அவர் திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் சட்டி. ஒன்று நான் கொண்டுபோனது. மற்றது என் கலியாணத்துக்கு வந்த குட்டிச் சட்டி. இரண்டும் விளிம்புவரை கஞ்சி.

"இதுவும் உன்டதான். இண்டைக்குப் போட இருக்கு."

அவ்வளவு கஞ்சியை ஊற்றிவிட்டு அந்த வீட்டில் நோன்பு துறக்க என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினால் படலை சாத்திக் கிடந்தது. திறக்க எனக்குக் கை இல்லை. கஞ்சி சிந்தாமல் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ராத்தா வந்து படலையைத் திறந்துவிட்டார்.

"நாளைக்கும் வா" என்றார். "ஒரு சட்டியோட வந்தாப் போதும்."