பெண்பிள்ளைகளுக்கு வராது என்றார்கள்

நல்லெண்ணெய் காய்கிற வாசனை எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுப்போகும். நான் வயதுக்கு வந்த அந்த மே மாதத்தில், சூலூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கோபியிலிருந்து வந்த அத்தை காலையும் மாலையும் உளுந்தங்களி கிண்டினார். நடுவில் குழி பறித்து எண்ணெயை ஊற்றி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, "முழுங்கு அம்மணி, இடுப்பெலும்பு கெட்டிப்படும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என்னால் விழுங்க முடியவில்லை. தொண்டைக்குக் கீழே உடம்பு முழுவதும் எங்கேயோ ஒழுகிப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

எங்கள் வீட்டில் ரத்தம் என்றால் அது அண்ணனுடைய விஷயம். கார்த்தி அண்ணனுக்கு ஹீமோஃபிலியா. அடிபட்டால் ரத்தம் உறையாது. அடிபடாமலேகூட மூட்டுக்குள் கசிந்து வீங்கிவிடும். மேசை முனைகளில் அப்பா தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். பிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், ரத்தம் உறைய வைக்கும் மருந்து ஒரு சின்னப் புட்டியில் இருக்கும். அது வீட்டிலேயே விலைமதிப்பான பொருள். பால் எடுக்கப் போனாலும் அதன்மேல் கை படக்கூடாது. அம்மாவின் ஒரே தம்பிக்கும் இதே வியாதிதான். பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் அவர் சிறுவயதிலேயே போய்விட்டார். அம்மா வழியாக அண்ணனுக்கு வந்தது என்று மருத்துவர்கள் சொன்ன நாளிலிருந்து அம்மா யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசியதில்லை.

"பொட்டப் புள்ளைங்களுக்கு வராதுங்க. அவங்க சுமப்பாங்க, அவ்வளவுதான்" என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம். எனக்கு அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன். இடித்துக்கொண்டால் என் தொடையில் நீலம் வாரக்கணக்கில் கலையாது. அதற்கு அம்மா, "உனக்குத் தோல் மெல்லிசு கண்ணு" என்பாள். வியாதி இருந்தால்தானே பயம்?

அதனால்தான் உதிரப்போக்கு நாள்கணக்கில் நிற்காதபோதும் யாரும் பயப்படவில்லை. அத்தை "சூட்டு உடம்பு, மொதல் தடவை அப்படித்தான்" என்றார். அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் துணியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் சாமி இருக்கும். மாசாமாசம் இப்படித்தான்" என்றாள். அம்மாவுக்கும் அப்படித்தான் என்றால் அது சரியாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

எனக்குப் பூப்புச் சீர் நடந்த நாள் காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. தாய்மாமன் இல்லாத பெண் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அம்மாவின் பெரியப்பா மகன், சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், தட்டு வரிசையோடு வந்து மாமன் முறையில் நின்றார். அவர் கொடுத்த பட்டுப்புடவையைக் கட்டி, கழுத்தில் மாலையைப் போட்டு மணையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் புடவையின் உள்மடிப்பு நனைந்து தொடையில் ஒட்டுவது தெரிந்தது. சிவப்புப் புடவை, வெளியே தெரியாது என்று ஒரு நிம்மதி. ஆனால் எழுந்தால்? மணையில் கறை இருந்தால்? இத்தனை பேர் முன்னால்? காதில் தறி ஓடுகிற சத்தம்போல ஒன்று ஆரம்பித்தது. போட்டோ எடுப்பவர் "கொஞ்சம் சிரிங்க பாப்பா" என்றபோது அவர் முகமே எனக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் முழங்கால் வீங்கி, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி இருந்த அண்ணன்தான் முதலில் கண்டுகொண்டான்.

"அம்மா, இங்க வாம்மா. அவ உதட்டப் பாரு, வெள்ளைத்தாள் மாதிரி ஆயிருச்சு."

"நல்ல காரியம் நடக்கறப்ப சும்மா இரு கண்ணு" என்றார் அத்தை. "ஆரத்தி எடுத்துப்போட்டு உள்ள கூட்டிட்டுப் போயிரலாம்."

அண்ணன் காலைக் கீழே இறக்கினான். ஊன்றக்கூடாத கால் அது. நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து மணை வரைக்கும் நடந்து வந்து என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தான். மருத்துவர்கள் அவனுக்குச் செய்ததை எத்தனை முறை அனுபவித்திருப்பான்!

"அம்மா, இவளுக்கும் அதேதான்."

"வாயக் கழுவு. பொட்டப் புள்ளைக்கு..." என்று அம்மா தொடங்கி, முடிக்கவில்லை. நான் எழ முயன்றேன். மணைப்பலகையைப் பார்த்த ஏதோ ஒரு பெண்ணின் "ஐயோ" மட்டும் காதில் விழுந்தது.

கண் விழித்தபோது காரின் பின்சீட்டில் அம்மா மடியில் கிடந்தேன். மாலையை யாரோ கழற்றியிருந்தார்கள். வழியில் வீட்டில் நிறுத்தி எடுத்து வந்த அந்தப் புட்டி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் அம்மாவின் கையில் இருந்தது. முன்சீட்டில் அண்ணன் முழங்காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். நடந்ததில் உள்ளே மறுபடி கசிய ஆரம்பித்திருந்தது. அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு புட்டி, இரண்டு பிள்ளைகள். சிங்காநல்லூர் நெரிசலில் கார் நகராமல் நின்றபோது அம்மா முன்சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா ஹாரனை விடாமல் அடித்தார்.

கோவையில் அந்த ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த இளம் மருத்துவர், "பொண்ணுதானே, கேரியராத்தான் இருக்கும். லேடீஸ் வார்டுக்குக் கொண்டு போங்க" என்றார். அப்போதுதான் என் அம்மா அப்படிப் பேசி நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"சாருங்க, எந்தம்பி இதுல போனானுங்க. அப்பவும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க. ரத்தத்தப் பாக்காம நான் இங்கிருந்து நகர மாட்டேனுங்க."

சத்தம் கேட்டு மூத்த டாக்டரம்மா ஒருவர் வந்தார். கேட்டார், என் தொடை நீலங்களைப் பார்த்தார், பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, "ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மருந்து இருக்கா?" என்றார். அம்மா பிளாஸ்கைத் திறக்காமல் அண்ணனைப் பார்த்தாள்.

"அவளுக்குப் போடுங்க டாக்டர். நான் ஐஸ் வெச்சுக்கறேன்" என்றான் அவன்.

ஊசி ஏறியது, ரத்தமும் ஏற்றினார்கள். அண்ணனுக்கு வேறிடத்திலிருந்து மருந்து வந்து சேர மாலையானது. அதுவரை அவன் ஐஸ் பொட்டலத்தோடு என் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான்.

பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். பெண்ணுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் மரபணு இரண்டு இருக்கிறது, ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும் என்றுதான் சொல்வார்கள்; ஆனால் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் இரண்டில் ஒன்றை மூடிவைத்துவிடும். நல்லதே அதிகமாக மூடிப்போனால் பெண்ணுக்கும் ரத்தம் நிற்காது. என் கணக்கு அப்படி விழுந்திருந்தது.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப எனக்குங்க?" என்றாள்.

"இவ பொறந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"பொழைக்க மாட்டேன்னுதான் நெனச்சாங்க. உடம்புவாகுன்னு சொல்லிப்போட்டாங்க."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அது உடம்புவாகு இல்லை என்று அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. மறுநாள் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள், அவளுக்கும் இருந்தது.

இன்று அந்தத் தறிக்கூடம் இல்லை, இடத்தை விற்றாகிவிட்டது. அத்தையும் இல்லை. அண்ணனுக்கு அந்த முழங்கால் அதன்பிறகு முழுதாக மடங்கவில்லை. திருப்பூரில் வேலையாக இருக்கிறான், படியேறும்போது மட்டும் கைப்பிடி தேடுவான். நான் ஒரு பெண்ணைப் பெற்றேன், மருந்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு.

போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவைசிகிச்சை. மயக்க மருந்து கொடுக்கிறவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார்: சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத வியாதி உண்டா?

அண்ணன் பெயரைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திவிட்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்குங்க" என்றாள்.